மலை நூற்ற நகரம்: கோவை, அன்றும் இன்றும்

ஆனியும் ஆடியும் கோயமுத்தூருக்குக் காற்று மாதங்கள். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் மறித்து நிற்கிறது. பாலக்காட்டை ஒட்டிச் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டும் அந்த மலைத்தொடர் விலகி வழிவிடுகிறது. அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்த காற்று அந்தக் கணவாயில் நுழைந்து ஊர் முழுக்க வீசும். கோவை மற்ற ஊர்களைப் போல் வெயிலில் காய்ந்துபோகாததற்கு அந்தக் காற்று ஒரு காரணம். இங்கே நூற்பாலைகள் வேர்விட்டதிலும் அதற்குப் பங்கு உண்டு. பஞ்சு இழை முறுக்கேறும்போது ஈரப்பதம் வேண்டும். காற்று வறண்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும், நூலில் பிசிறு கூடும், மெஷின் நின்று நின்று ஓடும்.

தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய நகரம் இது. நகருக்குள் இருந்த பெரிய மில்கள் பலவற்றில் இன்று சத்தமே இல்லை. கோவைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மில் பார்க்க வருவதில்லை. வால்பாறை, கோவைக் குற்றாலம், வெள்ளியங்கிரி, ஊட்டி ரயில் என்று ஊரைத் தாண்டி மலைக்குத்தான் போகிறார்கள். மில் ஒரு கதை, மலை வேறு கதை என்று அவர்களுக்குத் தோன்றலாம். இரண்டும் ஒரே கதைதான். மில்லை ஓட்டிய மின்சாரமும், மில் தொழிலாளி குடித்த தண்ணீரும், நூலை அறாமல் காத்த காற்றும் மலையிலிருந்து வந்தவை. அன்று உழைப்புக்காக மலையிடம் வாங்கிய நகரம் இன்று ஓய்வுக்காக வாங்குகிறது. வாங்குவது மட்டும் மாறவே இல்லை.

மின்சாரம் வந்த பிறகு

கோவையின் முதல் நூற்பாலையை 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கினார். நீலகிரிக் காப்பியைப் பதப்படுத்தும் தொழிலுக்காக இங்கே வந்தவர் அவர். கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்ஸ் என்பது அதன் பெயர். ஊருக்கு அது ஸ்டேன்ஸ் மில். அடுத்த இருபது ஆண்டுகளில் பெரிய மாற்றமில்லை. 1910ஐ ஒட்டிக் காளீஸ்வரா மில்லும் ஜி. குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில்லும் வந்தன. சுற்றிலும் கரிசல் மண், அதில் உப்பம், கருங்கண்ணிப் பருத்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்திக்கு இழை நீளம் அதிகம். கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளைந்த அந்த ரகம் நயமான நூல் நூற்கக் கைகொடுத்தது. அதன் பெயரிலேயே பின்னர் ஒரு மில்லும் எழுந்தது.

ஊரின் போக்கை மாற்றியது பைக்காரா. நீலகிரியில் பைக்காரா ஆற்றின் வீழ்ச்சியைப் பயன்படுத்தி அமைத்த நீர்மின் நிலையம் 1932ல் மின்சாரம் தந்தது. அதுவரை மில் வைக்க நினைத்தவர் நிலக்கரிக்கும் நீராவி எஞ்சினுக்கும் பெரும் பணம் போட வேண்டியிருந்தது. மலையிலிருந்து கம்பி இறங்கியதும் அந்தச் செலவு குறைந்தது. நிலமும் பருத்தியும் வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள் பங்கு சேர்த்து மில் ஆரம்பித்தன. பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று கிழக்கே புகைபோக்கிகள் வரிசையாக முளைத்தன. 1933ல் தென்னிந்திய மில் முதலாளிகள் சங்கமும் கோவையில் பிறந்தது.

குடிதண்ணீரின் கதையும் இதே காலத்தது. கோவை அதற்கு முன் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன ஊர். மேற்கே மலைக்குள் ஓடும் சிறுவாணியைக் கொண்டுவர வேண்டும் என்று எஸ்.பி. நரசிம்மலு நாயுடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலியுறுத்தினார். 1930ஐ ஒட்டித்தான் அந்தத் தண்ணீர் ஊருக்கு வந்து சேர்ந்தது. நீர், மின்சாரம் இரண்டும் சில ஆண்டு இடைவெளியில் கிடைத்ததால்தான் அத்தனை ஆயிரம் தொழிலாளர்கள் குடியேறி வாழும் நகரமாகக் கோவை ஆக முடிந்தது.

மில்லுக்கு உதிரி பாகம் செய்யப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளிலிருந்து ஃபவுண்டரிகள் வந்தன. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937ல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்தார்கள். பாலசுந்தரம் நாயுடுவின் டெக்ஸ்டூல், நூற்பு இயந்திரங்களையே செய்தது. 1956ல் ஜவுளி ஆராய்ச்சிக்கென்று சிட்ரா வந்தது. 1962ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியது. பஞ்சு ஒரு பக்கம் நூலாகிக்கொண்டிருக்க, மறுபக்கம் பம்புசெட்டும் கிரைண்டரும் இந்த ஊரின் அடையாளங்களாயின.

சைடு ஓட்டியவர்கள்

நாளுக்கு மூன்று முறை மில் சங்கு ஊதும். வீட்டில் கடிகாரம் இல்லாதவர்களும் அதைக் கேட்டு அடுப்பு மூட்டினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். லைன் வீடுகளில் குடித்தனம் நடந்தது. தூக்குப் போசியில் அரிசிம்பருப்பு சாதமோ கம்மஞ்சோறோ போகும். ஷிப்ட் மாறும்போது அவினாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் சைக்கிள்கள் நிறைந்து நகரும்.

உள்ளே ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், ரீலிங் என்று பஞ்சு படிப்படியாகக் கடந்து நூலாகும். ஸ்பின்னிங்கில் ஒரு தொழிலாளி இத்தனை சைடு பார்க்க வேண்டும் என்று கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் கதிர்கள் சுழலும் வரிசைகளுக்கு நடுவே அவர் ஷிப்ட் முழுக்க நடந்தபடியே இருப்பார். எங்கே இழை அறுந்ததோ அங்கே கை போய் நூலைப் பிணைக்க வேண்டும், சுழல்கிற கதிரை நிறுத்தாமல். ரீலிங்கில் பெண்கள் நிறைய இருந்தார்கள். நிரந்தர வேலை கிடைக்காதவர்கள் பதிலியாக வருவார்கள். யாராவது லீவு போட்டால்தான் அன்றைக்குக் கூலி. மேஸ்திரி கை காட்டுவாரா என்று மில் கேட்டில் காத்திருப்பார்கள்.

தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு படிந்து வெளியே வருகிறவர்களை அந்தத் தெருக்களில் எல்லோருக்கும் தெரியும். வெளியில் தெரிந்த பஞ்சைத் தட்டிவிடலாம், நுரையீரலுக்குள் போனதைத் தட்ட முடியாது. பஞ்சுத் தூசியால் வருவது பைசினோசிஸ் என்ற நோய். அதன் தன்மை விசித்திரமானது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓய்வெடுத்துத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போதுதான் நெஞ்சு இறுக்கம் அதிகமாகத் தெரியும். ஒரு நாள் நல்ல காற்றைச் சுவாசித்த உடம்பு, மறுநாள் தூசியை ஏற்க மறுத்தது என்றே அதைச் சொல்ல வேண்டும். இன்று வாரக் கடைசியில் மலைக்காற்றுக்காகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நாம், அந்தத் திங்கட்கிழமைகளை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரின் தொழிலாளர் உரிமைகள் தானாகக் கிடைத்தவை அல்ல. என்.ஜி. ராமசாமி போன்றோர் 1930களில் சங்கம் கட்டினார்கள். சட்டமன்றம் வரை போன அவர் 1943ல், முப்பத்தோரு வயதை ஒட்டி, மறைந்தார். 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த சின்னையன், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம் ஆகிய நான்கு ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். தொழிற்சங்கத்தை ஒடுக்க ஏவப்பட்ட ஒருவர் கொல்லப்பட்ட வழக்கு அது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் தொழிலாளர்கள் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். 1955ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தமிழகத்தில் முதன்முதலாகக் கோவையில்தான் தொடங்கியது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை அந்த வரலாற்றின் தொடர்ச்சி. கொரோனா காலத்தில் மாவட்டமே அந்த மருத்துவமனையை நம்பியிருந்தது. மில் தொழிலாளிக்காகத் தொடங்கிய ஏற்பாடு ஊருக்கே உயிர்காத்த தருணம் அது.

கதிர்கள் நின்ற கதை

மில்கள் ஒரே நாளில் மூடவில்லை. பழைய இயந்திரங்களை மாற்றப் பணம் போடாமல் லாபத்தை எடுத்துக்கொண்ட நிர்வாகங்கள் உண்டு. பருத்தி விலையும் மின்வெட்டும் சேர்ந்து நசுக்கிய ஆண்டுகளும் உண்டு. 1974ல் நலிந்த ஆலைகளை மத்திய அரசு எடுத்துக்கொண்டபோது, கோவையின் ஸ்டேன்ஸ் மில், காளீஸ்வரா, சோமசுந்தரம், பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் முதலியவை தேசியப் பஞ்சாலைக் கழகத்தின்கீழ் வந்தன. 2000க்குப் பிறகு விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பலர் வெளியேறினார்கள். எஞ்சி ஓடிக்கொண்டிருந்தவை 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. ஊரடங்கு முடிந்தது, மில்கள் பழையபடி ஓடவில்லை. மீண்டும் ஓட்டுங்கள் என்று கோரித் தொழிலாளர்கள் மில் வாசலில் போராடினார்கள்.

அதற்காக நூற்புத் தொழில் இந்த வட்டாரத்தை விட்டே போய்விட்டதென்று எண்ணிவிடக் கூடாது. நகருக்குள் நிலத்தின் மதிப்பு நூலின் மதிப்பை மிஞ்சியதும் கதிர்கள் வெளியே நகர்ந்தன. பல்லடம், உடுமலை, சோமனூர் பக்கம் போனால் இன்றும் நூற்பாலைகளையும் விசைத்தறிகளையும் பார்க்கலாம். அவற்றின் கூரை தாழ்வு, மதில் உயரம், உள்ளே ஆள் குறைவு. இழை அறுந்தால் மெஷினே பிணைத்துக்கொள்கிறது, நிரம்பிய பாபினை மெஷினே கழற்றுகிறது. வேலையில் இருப்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், ஆலை விடுதியில் தங்குபவர்கள். இடையில் ஒரு காலம், திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி வறண்ட மாவட்டங்களின் இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் விடுதியில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் இந்த வட்டாரத்துக்கு அவப்பெயர் தேடித் தந்தது. அன்றைய மில் தொழிலாளிக்கு ஒரு தெரு, ஒரு சங்கம், ஓர் ஓட்டு இருந்தது. இன்றைய தொழிலாளிக்கு விடுதியில் ஒரு கட்டில் இருக்கிறது. நூலின் தரம் உயர்ந்திருக்கிறது. நூற்பவரின் நிலையும் உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பருத்தியும் இடம் மாறிவிட்டது. கோவையின் ஆராய்ச்சி நிலையங்கள் எம்.சி.யு. வரிசை ரகங்களையும், 1970களில் உலகத் தரமான மிக நீள இழை ரகமான சுவினையும் தந்தன. ஆனால் இங்கு ஓடும் கதிர்களுக்கு இன்று பஞ்சு குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வருகிறது. கரிசல் காடுகளில் தென்னையும் மனைப்பிரிவுகளும் நிற்கின்றன.

காற்று மட்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மின்வெட்டில் தவித்த மில்கள் 1990களிலிருந்து பல்லடம், உடுமலை சமவெளிகளில் காற்றாலைகளை நட்டன. ஆனி, ஆடியில் அந்த விசிறிகள் ஓயாமல் சுற்றும். இழைக்கு ஈரம் தந்த அதே கணவாய்க் காற்று இப்போது கதிரைச் சுழற்றும் மின்சாரமாகவும் ஆகிறது.

இன்றைய அவினாசி சாலை

மில் நகரத்தைப் பார்க்க விரும்புகிறவர் அவினாசி சாலையிலிருந்து தொடங்கலாம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு திறக்கப்பட்டது. அதன் மேல் போனால் நேரம் மிச்சம். ஊரைப் பார்க்க வேண்டுமானால் கீழே போக வேண்டும். லட்சுமி மில்ஸ் சந்திப்பில் பழைய ஆலை வளாகத்தின் ஒரு பகுதியில் இப்போது உணவகங்களும் கடைகளும் இருக்கின்றன. பழைய கட்டுமானத்தை முழுக்க இடித்துத் தள்ளாமல் புதுப்பயன் கொடுத்திருப்பது நல்ல விஷயம். அங்கே காப்பி குடிக்கிற இளைஞர்களுக்கு இந்தத் தரையில் என்ன ஓடியது என்று சொல்லவும் ஏதாவது ஏற்பாடு வேண்டும்.

அதே சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் உள்ளன. சிட்ராவின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். பருத்தி எப்படி நூலாகித் துணியாகிறது என்பதை ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்ள ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை. மில் பணம் கல்வியாகவும் மருத்துவமாகவும் மாறியதற்கும் இந்தச் சாலையே சாட்சி. 1926ல் பிறந்த பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் கல்லூரிகளும், 1952ல் தொடங்கிய குப்புசாமி நாயுடு மருத்துவமனையும் இதையொட்டித்தான் இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே போகப் போக மென்பொருள் அலுவலகங்கள். ஷிப்ட் இன்னும் இருக்கிறது, சங்கு இல்லை. நள்ளிரவில் வேலை முடித்து வேனில் திரும்புகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது.

காந்திபுரத்தில் மத்தியச் சிறை வளாகத்தின் ஒரு பகுதி, 2025ல் செம்மொழிப் பூங்காவாகத் திறந்திருக்கிறது. வ.உ.சி. செக்கிழுத்த சிறை இது. சின்னியம்பாளையத்து நால்வரும் உயிர்விட்டது இங்கேதான். மதிலுக்குள் அடைபட்டிருந்த நிலம் குழந்தைகள் ஓடியாடும் இடமாக மாறுவது ஒரு நகரம் தனக்குச் செய்துகொள்ளக்கூடிய மிக நல்ல காரியங்களில் ஒன்று. அந்த நால்வரின் பெயரையும் பூங்காவில் படிக்கக் கிடைத்தால் அந்த நன்மை முழுமை பெறும்.

நொய்யலும் குளங்களும்

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், பேரூரில் காஞ்சிமாநதி என்ற பெயரோடு வணங்கப்படும் ஆறு. ஆற்றில் குறுக்கணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளத்துக்குக் குளம் நீரைக் கடத்தும் ஏற்பாடு பல நூற்றாண்டு பழமையானது. சித்திரைச்சாவடி அணைக்கட்டு, பேரூர்ப் பெரியகுளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். மழை குறைந்த ஊரில் கிணறுகள் ஊறியது இவற்றால்.

ஜவுளித் தொழில் இந்த ஆற்றுக்குச் செய்ததை மறைக்கக் கூடாது. கீழே திருப்பூரில் பனியன் தொழில் பெருகியபோது சாயக் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர்தான் தேங்கியது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்குத் தொழில் தள்ளப்பட்டது. கோவைப் பகுதியிலோ சாக்கடையும் ஆக்கிரமிப்பும் ஆற்றை நெரித்தன. இந்த ஊரிலேயே செய்த பம்புசெட்டுகள் இந்த ஊரின் நிலத்தடி நீரையும் ஆழத்துக்கு விரட்டின.

இன்று உக்கடம் பெரியகுளத்துக் கரையிலும் வாலாங்குளத்துக் கரையிலும் மாலை நேரத்தில் கூட்டம் நிறைகிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை, விளக்கு, உட்காரும் இடங்கள் எல்லாம் வந்துவிட்டன. குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள், காளான் சாப்பிடுகிறார்கள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். காசு கொடுக்காமல் ஓர் ஏழைக் குடும்பம் மாலையைக் கழிக்க நகரத்தில் இடம் கிடைத்திருப்பது பெரிய விஷயம். ஆனாலும் கரை முழுக்கக் கான்கிரீட் போட்டால் ஆழமில்லாத ஓரச் சேற்றில் இரை தேடும் பறவைகளுக்கு இடமிருக்காது. குளம் நீர்நிலையாக நீடித்தால்தான் கரையில் நடப்பதற்கும் அர்த்தம் இருக்கும். பறவை பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே சிங்காநல்லூர்க் குளத்துக்குப் போகலாம். பழைய மில் பகுதிக்கு நடுவே, மரம் அடர்ந்த கரையோடு, நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு இடமாக அதைக் காத்து வருகிறார்கள். கூழைக்கடாக்கள் மிதப்பதை அங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

மேற்கே போகும் சாலை

மில் தொழிலாளிக்கு மலை என்றால் மருதமலை. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு நடந்து போய், படியேறி முருகனைக் கும்பிட்டு, கட்டுச்சோறு தின்று திரும்புவது ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்த வெளியூர்ப் பயணம். ஆடிப்பெருக்கென்றால் பேரூர் படித்துறை. பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபச் சிற்பங்களை நாள் முழுக்கப் பார்த்தாலும் கண் சலிக்காது. மலைக்குள்ளே போவது அன்று வேலைக்காக. மரம் வெட்ட, தேயிலை பறிக்க, அணை கட்டப் போனார்கள். சுற்றிப் பார்க்கப் போகும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது.

இன்று சிறுவாணி சாலையில் ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசை கட்டுகின்றன. சாடிவயல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவைக் குற்றாலம். நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரம். வனத்துறை சீட்டு வாங்கித்தான் உள்ளே போக முடியும். பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லை. மழை வலுத்து வெள்ளம் வந்தால் அருவியை மூடிவிடுவார்கள், கோடையில் நீர் மெலியும். பருவமழை ஓய்ந்த பிறகு வரும் வாரங்களில் போவது நல்லது. காலையில் போனால் மரங்களுக்கு நடுவே மலபார் அணிலும் இருவாச்சியும் கண்ணில் படக்கூடும்.

பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரி ஏறுவது வேறு வகை அனுபவம். ஏழு மலை கடந்து உச்சியில் சுயம்புலிங்கம். மகா சிவராத்திரியை ஒட்டிய மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் மூங்கில் தடி ஊன்றி இரவோடு இரவாக ஏறுகிறார்கள். இதயக் கோளாறும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் ஆசைப்பட்டு ஏறக் கூடாது. வழியில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. ஏறுகிறவர்கள் தண்ணீர்ப் பாட்டிலை மேலே வீசிவிட்டு வந்தால் அது சேரும் இடம் நொய்யலின் பிறப்பிடம்.

வடக்கும் தெற்கும்

வடக்கே மேட்டுப்பாளையத்தில் பல்சக்கர மலை ரயில் காத்திருக்கிறது. 1899ல் குன்னூர் வரையும் 1908ல் ஊட்டி வரையும் போன அந்தப் பாதை 2005ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. காரமடை வழியே மலைக்குள் திரும்பினால் பில்லூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில் பரளிக்காடு. வனத்துறையும் மலைவாழ் மக்களும் சேர்ந்து நடத்தும் பரிசல் பயணம் அங்கே கிடைக்கும். முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். பரிசல் ஓட்டுகிறவர்களும் சாப்பாடு சமைக்கிறவர்களும் உள்ளூர் மலைக்கிராமத்தார் என்பதால் பயணியின் பணம் மலையிலேயே தங்குகிறது. சுற்றுலா எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல மாதிரி. கோவை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் பில்லூரிலிருந்துதான் வருகிறது என்பதையும் பரிசலில் உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

தெற்கே பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் நின்றால் ஆழியாறு நீர்ப்பரப்பு முழுவதும் தெரியும், வரையாடுகளும் அடிக்கடி பாறையில் நிற்கும். வால்பாறைத் தேயிலைக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் சோலைமந்தி வாழ்கிறது. டாப்சிலிப்பில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் கப்பலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் தேக்கை மொட்டையடித்த ஆனைமலையில், வெட்டிய அடிமரத்திலிருந்தே மீண்டும் துளிர்க்கவிட்டும் விதையூன்றியும் காட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர் அவர். 1933ல் மறைந்தார். கோவையில் மில்கள் பெருகுவதற்குச் சற்று முன்பே மலையில் ஒருவர் மரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியும் என்பதற்கு அந்தத் தேக்குக் காடு ஆதாரம்.

திருப்பித் தர வேண்டியது

அன்று மில்லுக்காக மலையிடமிருந்து நீரும் மின்சாரமும் எடுத்தோம். அதற்கு ஒரு வரம்பு இருந்தது. அணை இவ்வளவு உயரம், குழாய் இவ்வளவு அகலம் என்ற கணக்கு. இன்று மலையடிவாரத்தையே எடுக்கிறோம். விடுதி, பண்ணை வீடு, மனைப்பிரிவு என்று நகரம் மேற்கே நகர நகர, யானைகளின் வழி குறுகுகிறது. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைத் தோண்டிய செங்கல் சூளைகள் 2021ல் மூடப்பட்டன. அது போராடிப் பெற்ற முடிவு. மதுக்கரைக்கும் வாளையாருக்கும் நடுவே ரயிலில் அடிபட்டு யானைகள் பல செத்தன. 2024ல் வனத்துறை அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை நிறுவியது. தண்டவாளத்தை யானை நெருங்கும்போதே ரயில்வேக்குச் செய்தி போய் வண்டி வேகம் குறைகிறது. மோட்டாரும் மெஷினும் செய்யக் கற்ற நகரத்துக்குப் பக்கத்தில் நடக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. இயந்திரத்தால் எடுக்க மட்டும் அல்ல, காக்கவும் முடியும்.

நகரம் செய்ய வேண்டியவை இரண்டு. மூடிக் கிடக்கும் மில்களில் ஒன்றையாவது அதன் ஸ்பின்னிங் கூடத்தோடும் மில் கேட்டோடும் அப்படியே காத்து, அங்கே உழைத்தவர்களின் கதை சொல்லும் இடமாக்க வேண்டும். சைடு ஓட்டிய தலைமுறையில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களே வழிகாட்டிகளாக நின்று பேசும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். இரண்டாவது, மலையடிவாரத்தில் கட்டடம் நிற்க வேண்டிய எல்லையை உறுதியாக வகுத்து, யாருக்காகவும் அதைத் தளர்த்தாமல் இருக்க வேண்டும். மில் போனபோது இந்த ஊர் பம்பு செய்து பிழைத்தது, கல்லூரி கட்டிப் பிழைத்தது, மென்பொருள் எழுதிப் பிழைத்தது. ஒரு தொழில் போனால் இன்னொரு தொழில் வரும். சிறுவாணியின் நீரும் கணவாயின் காற்றும் போனால் அவற்றுக்கு மாற்று எந்தத் தொழிலிலும் இல்லை.